கணினி அறிந்த பிள்ளைகள் இணங்கிப் பேசவும் அறிய வேண்டும்

ரெய்னர்ஸ் லேன் புகையிரத நிலையத்தில் நாள்தோறும் காத்து நிற்கும் எம்மவருக்கு ஒரு விடயம் பழகிப்போயிருக்கும். பிக்காடிலி வண்டி வந்தால் மேடையிலிருந்து சற்றுக் கீழே காலெடுத்து வைக்க வேண்டும். மெட்ரோபொலிட்டன் வண்டி வந்தால் சற்று மேலே ஏற வேண்டும். ஒன்று தாழ்ந்த வண்டி. மற்றையது உயர்ந்த வண்டி. இரண்டும் இங்கிருந்து அக்ஸ்பிரிட்ஜ் வரை ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால், மேடையை இடைப்பட்ட உயரத்தில் அமைத்திருக்கிறார்கள். எந்த வண்டிக்கும் அது முற்றாகப் பொருந்தாது. ஆயினும் இரண்டும் நிற்கின்றன. எல்லோரும் வீடு போய்ச் சேர்கிறார்கள்.

அண்மையில் அம்மேடையில் என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னிடம் அகரம் பயின்றவன். இன்று மென்பொருள் எழுதும் தொழிலில் இருக்கிறான். ஓய்வு நேரத்தில் ஊதியமின்றித் திறந்த மூல மென்பொருளுக்கும் உழைக்கிறான்.

திறந்த மூலம் என்பதை எம் வீட்டுப் பெரியோருக்கு இவ்வாறு விளக்கலாம். கறியைச் சமைத்துக் கொடுப்பதுடன் நில்லாது, செய்முறையையும் எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்து, திருத்தக்கூடியவர் திருத்துங்கள் என்று சொல்வது போன்றது அது. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் இவ்வாறே வளர்ந்தது. எம் கையிலுள்ள அண்ட்ரொயிட் தொலைபேசிகளின் அடித்தளம் இன்று அதுவே. எவரும் ஒரு திருத்தத்தை அனுப்பலாம். பொறுப்பாளர்கள் ஆராய்ந்து ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள். பலர் சம்பளம் பெறாதவர்கள், ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள். கட்டளையிட அங்கே அதிகாரியில்லை. சொல் ஒன்றே கருவி.

என் மாணவனுக்கு அந்தக் கருவிதான் கைகொடுக்கவில்லை. ஒரு மென்பொருளில் ஒகர, ஓகாரக் குறிகள் எழுத்தை விட்டுப் பிரிந்து தோன்றுவதைக் கண்டு எழுதியிருக்கிறான். பதில் இல்லை. மீண்டும் சினத்துடன் எழுதினான். அதற்கும் பதில் இல்லை. “சேர், அவங்களுக்குச் சொல்லி விளங்காது. நான் விட்டிட்டன்” என்றான்.

கடிதத்தைக் காட்டச் சொல்லி வாசித்தேன். தமிழின் தொன்மை அதில் இருந்தது. தமிழர் புறக்கணிக்கப்படும் வேதனை இருந்தது. எந்த எழுத்து, எந்தத் தொலைபேசியில், எவ்வாறு பிழையாகத் தோன்றியது என்பது மட்டும் இல்லை.

அவனுக்கு நாம் அகதி விண்ணப்பம் செய்த நாட்களைச் சொன்னேன். ஊரில் இருக்க முடியவில்லை என்பது முழு உண்மை. ஆனால் நேர்காணலில் அது போதவில்லை. எந்த நாள், எந்த இடம், யார் வந்தார்கள், நீங்கள் எதைக் கண்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எம் துயரை அறியாத ஒருவர் எம் சொல்லை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இவனது கடிதத்தை வாசிப்பவரும் அத்தகையவரே. இருவருமாக அதை மீண்டும் எழுதினோம். என்ன தட்டெழுதினான், என்ன தோன்றியது, என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று நிரல்படச் சொன்னோம். ஒரு வாரத்தில் இரண்டு கேள்விகளுடன் பதில் வந்தது. திருத்தம் இன்னும் ஏற்கப்படவில்லை. ஆனால் பேச்சுத் தொடங்கிவிட்டது.

இதனை ஓர் இளைஞனின் சிறு குறையென ஒதுக்க இயலாது. கணினியில் எம் எழுத்தே பேசிப் பேசித்தான் நிலைபெற்றது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனித் தீவாக இருந்தது. பாமினியில் தட்டெழுதிய கட்டுரையை வேறோர் எழுத்துரு வைத்திருந்தவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சுவிற்சர்லாந்திலிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் பல நாட்டுத் தமிழருடன் மின்னஞ்சலில் விவாதித்துத் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினர். சென்னை மாநாட்டின் பின்னர் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் வேறு குறியீடுகளை ஏற்றது. ஒரு மொழிக்குப் பல வழிகள். ஆயினும் பேச்சு முறியவில்லை. 2000இல் உத்தமம் என்ற பன்னாட்டு அமைப்புத் தோன்றியது. காலப்போக்கில் ஒருங்குறி பொது மேடையாயிற்று. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் அதில் தனியிடம் இல்லை என்று குறைகண்டோர் இன்றும் உளர். ஆனால் யாழ்ப்பாணத்தில் எழுதியதை ரொறன்ரோவில் வாசிக்க முடிகிறது.

2010இல் மற்றொரு சோதனை வந்தது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் கிரந்தக் குறிகளைச் சேர்க்கவும், கிரந்தப் பகுதியில் எ, ஒ, ழ, ற, ன போன்ற எம் எழுத்துகளைச் சேர்க்கவும் முன்மொழிவுகள் எழுந்தன. கொதிப்பு மிகுந்தது. அதனுடன் நிற்காமல், காரணங்களை எழுதி உரிய இடத்திற்கு அனுப்பியோர் இருந்தனர்; தமிழ்நாடு அரசும் தலையிட்டது. 2014இல் கிரந்தம் தனிப் பகுதியாக, அவ்வெழுத்துகள் இன்றியே ஒருங்குறியில் இடம்பெற்றது. கிரந்தம் வேண்டியோருக்கு அது கிடைத்தது. தமிழ் தமிழாகவே இருந்தது.

கடுஞ்சொல்லே திறமையின் அடையாளம் என எண்ணும் இளைஞருக்கு இன்னொன்று சொல்வேன். லினக்ஸைத் தந்த டோர்வால்ட்ஸ் கடிதங்களில் பிறரைச் சாடுவதற்குப் பெயர்பெற்றவர். 2018 செப்டெம்பரில் தம் நடத்தைக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் விலகி நின்று, பின் திரும்பினார். லினக்ஸ் ஒரு நடத்தை விதியையும் ஏற்றது. அத்தகையவரே கற்க வேண்டியிருந்ததெனில் எம் பிள்ளைகள் கற்பதில் இழுக்கில்லை.

பிணங்கினால் பிரிந்துபோகவும் இத்துறையில் உரிமையுண்டு. 2010இல் ஓப்பின் ஒபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஒபிஸ் செழித்தது. ஆனால் அங்கே உழைப்போர் பலர் ஒன்றாகப் பெயர்ந்தனர். தமிழுக்கு உழைப்போரோ சிலர். அவர்கள் பிரிந்தால் இரு பக்கமும் வெறுமையாகும். ஒரு சங்கம் இரண்டாவதையும், ஒரு கோயில் நிர்வாகம் மூன்றாவதையும் காணாத ஊரா நமது?

குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமன்று. பட்டிமன்றத்தில் எதிரணியின் வாயடைத்தவனுக்கு நாம் பரிசு கொடுத்தோம். எதிரணியின் நியாயத்தை அவர்களே தலையசைக்கும்படி எடுத்துச் சொல் என்று ஒருநாளும் கேட்டோமில்லை. நானும் அவ்வாசிரியர்களுள் ஒருவன்.

இனியாவது கற்பிப்போம். மறுப்புக் கிடைத்தால் காரணம் கேட்கட்டும். சினத்தில் எழுதியதை மறுநாட் காலை வாசித்தபின் அனுப்பட்டும். தனக்கு வேண்டியது எது, தான் கேட்ட வழி எது என்று பிரித்தறியட்டும். என் மாணவனுக்கு வேண்டியது எழுத்துச் சரியாகத் தோன்றுவது. தான் எழுதிய திருத்தமே ஏற்கப்பட வேண்டுமென்பது வெறும் பிடிவாதம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் மாதமொரு மணிநேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். வீட்டில், சாப்பாட்டு மேசையில், பெற்றோராகிய நாமும் பழகலாம்.

அடுத்தமுறை ரெய்னர்ஸ் லேன் மேடையில் நிற்கும்போது பிள்ளைக்கு அந்தப் படியைக் காட்டுங்கள். ஒரு வண்டிக்கு இறங்குகிறோம், மற்றதற்கு ஏறுகிறோம். மேடை ஒன்றுதான்.