கடைசியிலிருந்து படியுங்கள்

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். அங்கே வாரம் இரண்டு நாள் ‘திக்தே’ உண்டு. ஆசிரியர் பிரெஞ்சில் ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஒரு பிழைக்கு நான்கு மதிப்பெண் போகும். ஐந்து பிழை வந்தால் இருபதுக்குப் பூஜ்யம். எழுதி முடித்ததும் சரிபார்க்க ஐந்து நிமிடம் தருவார். நாங்களும் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் படித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாளை நீட்டுவோம். திரும்பி வரும்போது தாள் சிவப்பாக இருக்கும்.

ஒரு நாள் முசியே சொன்னார்: “முதலிலிருந்து படித்தால் உன் கண் அர்த்தத்தின் பின்னால் ஓடிவிடும், எழுத்தைப் பார்க்காது. கடைசி வார்த்தையில் ஆரம்பித்துப் பின்னோக்கி வா.” அப்படிச் செய்து பார்த்தபோதுதான் விட்டுப்போன எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. அறுபது வருடம் கழித்து அந்தப் பாடம் என் பென்ஷன் பணத்தைக் காப்பாற்றும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நவம்பர் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான மாதம். உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டிய மாதம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம்மூர் சொல்தாக்கள் வீட்டிலும் ‘செர்த்திஃபிக்கா தெ வி’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன நவம்பரில் நான் சான்று கொடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் வாழ்நாள் சான்று பதிவாகவில்லை. இன்று மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் பென்ஷன் நிறுத்தப்படும்.’ கீழே ஒரு லிங்க்.

கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயம் வந்தது. அலுவலகத்தில் இருந்தவனுக்குத்தானே தெரியும், ஒரு காகிதம் எத்தனை விதமாகக் காணாமல் போகலாம் என்று! விரல் தானாகப் போய் லிங்க்கைத் தட்டிவிட்டது. பக்கம் திறந்தது. மேலே நான்கு சிங்கம், மூவர்ணப் பட்டை, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பென்ஷன் ஆணை எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். அடுத்து வங்கிக் கணக்கு எண், ஏ.டி.எம். அட்டையின் எண், அதன் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள். உயிரோடு இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள ஏ.டி.எம். அட்டை எதற்கு? அங்கேதான் கை நின்றது. மேலே இருந்த முகவரியை விரலால் நகர்த்திக் கடைசி எழுத்து வரை போய், அங்கிருந்து பின்னோக்கிப் படித்தேன்.

அந்த முகவரி ஏறக்குறைய இப்படி இருந்தது (புள்ளியை ‘டாட்’ என்றே எழுதுகிறேன், யாரும் தவறிப்போய்த் தொட்டுவிடக் கூடாது): ஜீவன்பிரமான் டாட் ஜிஓவி டாட் இன் டாட் லைஃப்-அப்டேட் டாட் எக்ஸ்ஒய்இஸட். முதலிலிருந்து படித்தால் ஜீவன்பிரமான், ஜிஓவி, இன் என்று அரசாங்கமே வந்து நிற்கிறது. கண் அதோடு திருப்தியாகிவிடும். கடைசியிலிருந்து வந்தால் எக்ஸ்ஒய்இஸட், அதற்கு முன்னால் லைஃப்-அப்டேட். அவ்வளவுதான் விலாசம். முன்னால் இருப்பதெல்லாம் அவன் தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்ட போர்டு. என் வீட்டு வாசலில் நான் ‘ராஜ் நிவாஸ்’ என்று எழுதி மாட்டினால் என் வீடு ராஜ் நிவாஸ் ஆகிவிடுமா?

எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை தபால் பிரிவு. உறையின் மேல் ‘அவசரம்’, ‘மிக அவசரம்’, ‘நேரில் பார்க்க’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். எங்கள் தலைமை எழுத்தர் அதை எல்லாம் பார்க்கவே மாட்டார். தபால் முத்திரை எந்த ஊர், உள்ளே கையெழுத்துப் போட்டவர் யார், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். அவசரம் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தால் இன்னும் ஒரு நிமிடம் அதிகமாகப் பார்ப்பார். லிங்க்கும் ஒரு உறைதான். அதைப் பார்க்கும் முறையும் அதேதான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருக்கும். அதற்குப் பிறகு முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் வரைதான் விலாசம். அதற்கு அப்பால் எத்தனை நீளமாக எழுதியிருந்தாலும் அது உள்ளே எந்த அறை, எந்த அலமாரி என்பதுதான். ஆகவே அந்த ஒற்றைச் சாய்கோட்டில் நின்றுகொண்டு பின்னோக்கி வாருங்கள். கடைசி இரண்டு சொற்கள்தான் உரிமையாளர். நம் நாட்டு முகவரி கோ டாட் இன், ஜிஓவி டாட் இன் என்று முடிந்தால் அதற்கு முந்தைய ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஓவி டாட் இன் என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிகளுக்கும் இப்போது தனி முடிவு வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வங்கி அல்லாத எவனும் அந்த முடிவை வாங்க முடியாது. ஆனால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியே இருக்கிறதா என்று பாருங்கள். ‘பேங்க்-இன்’ என்று நடுவில் சிறு கோடு போட்டு ஏமாற்றுவார்கள். கோடு வேறு, புள்ளி வேறு.

தட்டச்சு தெரிந்த நண்பர்களுக்கு இன்னொன்று. பழைய ஆங்கிலத் தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் ‘ஒன்று’ என்ற எண்ணுக்குச் சாவி கிடையாது. சின்ன ‘எல்’ எழுத்தைத்தான் அடிப்போம். யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. அதே வித்தையைத்தான் இவர்கள் இப்போது நம்மிடம் காட்டுகிறார்கள். ‘எல்’லுக்குப் பதில் ஒன்று, ‘ஓ’வுக்குப் பதில் பூஜ்யம். சின்ன ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ‘எம்’ போலவே தெரியும். கண்ணாடி போடாமல் போனைப் பார்ப்பவர்கள் கவனிக்க!

பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். பூட்டு இருந்தால் நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று அர்த்தம். போய்ச் சேருகிற இடம் யோக்கியமானது என்று அர்த்தமில்லை. திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு. பிறகு, லிங்க்கைத் தட்டாமல் விரலை அதன் மேல் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் முழு முகவரியும் தெரியும். கம்ப்யூட்டரில் மவுஸை மேலே கொண்டுபோய் அழுத்தாமல் வைத்தால் திரையின் கீழே காட்டும். எழுத்தில் ஒன்று இருக்கும், அடியில் வேறொன்று இருக்கும். பிட் டாட் எல்ஒய் போன்ற சுருக்க முகவரி என்றால் அனுப்பியவர் பெயரில்லாத உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அதைப் பிரிக்கவே வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் அவன் காட்டிய வழியில் போகாதீர்கள். நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து போங்கள், இல்லையென்றால் ஏ.டி.எம். அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அதுவும் முடியாவிட்டால் கிளைக்கு நடந்து போங்கள். நமக்கு நடை நல்லதுதானே!

நான் தப்பித்தேன். என் நண்பர் ஒருவர் தப்பிக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். கடற்கரைச் சாலையில் எங்களோடு தினமும் நடப்பவர் திடீரென்று ஒரு வாரமாக வரவில்லை. வீட்டுக்குப் போனால் அவர் மனைவி, “சாப்பாடு கூட சரியா சாப்பிடறதில்லை சார், நீங்களாவது என்னன்னு கேளுங்க” என்றார். மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். கரண்டு பில் கட்டவில்லை, ராத்திரி ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று செய்தி வந்ததாம். லிங்க்கைத் தட்டி, வங்கியின் கடவுச்சொல், ஓ.டி.பி. எல்லாம் கொடுத்துவிட்டார். எழுபத்தி நாலாயிரம் ரூபாய்.

“உடனே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“பையனுக்குத் தெரிஞ்சா போனைப் புடுங்கிடுவான் அண்ணே. ‘உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்’னுவான். அப்புறம் பத்து ரூபாய்க்கும் அவன்கிட்டதான் நிக்கணும்” என்றார்.

எட்டு நாள் அந்த மனிதர் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு புகார் கொடுத்தோம். அதற்குள் பணம் பல கணக்கு தாண்டிப் போய்விட்டது. இன்றுவரை வரவில்லை.

இந்த மோசடிக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘அம்ஸொனாழ்’ என்கிறார்கள். ‘அம்ஸொன்’ என்றால் தூண்டில் முள். மீன் முட்டாள் என்பதால் தூண்டிலில் மாட்டுவதில்லை, பசியில் மாட்டுகிறது. நம்மை மாட்ட வைப்பது பயம். பென்ஷன் நின்றுவிடுமோ, கரண்டு போய்விடுமோ, அபராதம் வந்துவிடுமோ என்ற பயம். வாழ்நாள் முழுவதும் சட்டத்துக்கும் கெடு தேதிக்கும் பயந்து ஒழுங்காக நடந்தவர்கள்தான் இதில் சீக்கிரம் மாட்டுகிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். ‘எந்த லிங்க்கையும் தொடாதே’ என்று எங்களுக்கு உத்தரவு போடுவதில் பயனில்லை. வங்கியும் அலுவலகமும் மருத்துவமனையும் லிங்க்கைத்தானே அனுப்புகின்றன? தொடாமல் எப்படி இருப்பது? முப்பது, முப்பத்தைந்து வருடம் கையெழுத்தையும் முத்திரையையும் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள் நாங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள், உங்களைவிடப் பொறுமையாகப் பார்ப்போம். தவறு நடந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறோம், மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

என் வயது நண்பர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஏமாந்துவிட்டோம் என்று தோன்றிய உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் இன்னொரு கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அதைத் தடுத்து நிறுத்த வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நாமே ஓ.டி.பி.யைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் ஏற்படும் நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அலுவலகத்தில் தபால் வந்த தேதியும் நேரமும் எவ்வளவு முக்கியமோ, இங்கேயும் அவ்வளவு முக்கியம்.

நண்பர் இப்போது மறுபடி நடக்க வருகிறார். போனைப் பையன் பிடுங்கவில்லை. விஷயம் தெரிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கில் ஒரு நாளைக்கு எவ்வளவு போகலாம் என்ற உச்சவரம்பைக் குறைத்து வைத்துக் கொடுத்தானாம். எங்களில் யாருக்காவது சந்தேகமான செய்தி வந்தால், காந்தி சிலை பக்கம் உட்காரும்போது போன் கை மாறுகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கிறோம். பக்கத்தில் நடப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.