காவலரின் கண்ணும் படைத்தவனின் பார்வையும்: பைக்கில் ராடார் டிடெக்டர் தேவையா?



மதரஸாவிலிருந்து பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தகப்பனார் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மூத்த மகன் திருச்சியில் கல்லூரி மாணவர். பைக்கில் பொருத்திக்கொள்ள ராடார் டிடெக்டர் வாங்கித் தருமாறு வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். "போலீஸ் ஸ்பீடு கன் வைத்து நின்றால் முன்கூட்டியே சத்தம் கொடுக்குமாம் ஹஜ்ரத். அபராதம் மிச்சம்தானே அத்தா என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" என்றார்.

நான் முஃப்தி அல்லன். ஃபத்வா வழங்குவது என் பணியும் அன்று. எனினும், இதே ஆசை நம் இளைஞர் பலரிடம் இருப்பதால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன். அக்கருவியால் பணமும் வீணாகிறது; அதைவிடப் பெரிய ஒன்றும் வீணாகிறது.

கருவியால் பயன் உண்டா?

முதலில் உலகியல் கணக்கைப் பார்ப்போம். ராடார் வகை ஸ்பீடு கன் நுண்ணலைகளை அனுப்பி, ஓடிவரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் மாறுதலைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. அந்த அலைகள் சாலையில் நெடுந்தூரம் பரவுவதால், டிடெக்டர் அவற்றைத் தொலைவிலேயே உணர்ந்து ஒலி எழுப்பும். ராடார் மட்டுமே இருந்த காலத்தில் அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளில் இது பலருக்குப் பயன்பட்டது. அங்கும் வர்ஜீனியா மாநிலம் இதைத் தடை செய்திருக்கிறது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் தடை உண்டு.

இன்று நம் நாட்டுக் காவல் துறையினர் லேசர் வகைக் கருவிகளையும் பயன்படுத்துகின்றனர். லேசர் கதிர் மிகக் குறுகியது. முந்நூறு மீட்டர் தொலைவிலும் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அது உங்கள் வண்டியின்மேல் படும்வரை டிடெக்டர் உணர்வதற்கு ஒன்றுமில்லை. பட்ட நொடியில் அது கூவும்போது உங்கள் வேகம் பதிவாகி முடிந்திருக்கும். நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும் வெறும் கேமராவோ எந்த அலையையும் அனுப்புவதில்லை. அதைப் பற்றி டிடெக்டருக்கு எதுவுமே தெரியாது.

மறுபுறம், கடைகளின் தானியங்கிக் கதவுகளும் புதிய கார்களில் உள்ள சென்சார்களும் ராடாரைப் போன்ற அலைகளை வெளியிடுவதால் பொய் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். ஹெல்மெட், காற்று, பேருந்து ஹாரன் ஆகியவற்றுக்கு இடையே அந்த ஒலி காதில் விழுவதும் அரிது. விளக்கைப் பார்ப்பதென்றால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும். மேலும், நகரில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பிடிபடுவது ஹெல்மெட் இல்லாமை, மூவர் பயணம், உரிமம் இல்லாமை, வண்டியோட்டியபடி செல்போன் பேசுதல் ஆகியவற்றுக்காக. இவற்றுள் எதையும் டிடெக்டர் முன்னறிவிக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், இலகுரக வாகனத்தின் அதிவேகத்துக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. நல்ல டிடெக்டரின் விலை இதைப்போல் பன்மடங்கு. அபராதத்தை மிச்சப்படுத்துகிறேன் என்பது கணக்குக்கே ஒத்துவரவில்லை.

மிச்சமாவது எத்தனை நிமிடம்?

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் வழியே ஸ்ரீரங்கத்துக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றால் ஏழரை நிமிடம், 60 கி.மீ. வேகத்தில் சென்றால் ஐந்து நிமிடம். சிக்னலும் நெரிசலும் இல்லாவிட்டால்கூட இரண்டரை நிமிடமே லாபம். நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோமீட்டரை 60க்குப் பதில் 80இல் கடந்தால் நான்கு நிமிடம்கூட மிச்சமாகாது.

இந்த லாபத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு நொடி ஆகிறது எனக் கொண்டால், அந்த ஒரு நொடியில் 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பைக் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது, 100 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். மரணங்களில் நூற்றுக்கு 71க்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தாயின் அழுகை இருக்கிறது.

நம் ஊர்ச் சாலைகளில் யார் நடக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்லும் முதியவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வரும் வயோதிகர்கள், இரவில் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை செல்லும் குடும்பங்கள். இவர்களின் பாதுகாப்பு நம் மீதுள்ள ஹக்கு. எந்த டிடெக்டரும் இவர்கள் வருவதை நமக்கு அறிவிக்காது.

மார்க்கம் கற்பிப்பது என்ன?

அரஃபாவிலிருந்து திரும்பும்போது, பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தத்தை நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உடனே மக்களை நிதானமாக வருமாறு பணித்து, விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று உணர்த்தினார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. இகாமத் கேட்டுவிட்டால்கூட ஓடி வராமல் அமைதியாக வரச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொழுகைக்கே அனுமதிக்காத அவசரம், டீக்கடைக்கும் கல்லூரிக்கும் எப்படித் தகும்?

பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீஃபா உமர் (ரலி) பார்க்காவிட்டாலும் உமரின் இறைவன் பார்க்கிறான் என்று மறுத்த பெண்ணின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். உமர் வருகிறாரா என்று முன்னறிவிக்கும் ஒரு கருவி அன்று அந்தத் தாயிடம் இருந்திருந்தால் எதற்குப் பயன்பட்டிருக்கும்? பிள்ளைக்கு டிடெக்டர் வாங்கித் தரும் தகப்பனார், தாம் அறியாமலேயே அந்தத் தாயின் இடத்தில் நிற்கிறார். தவறு செய்யாதே என்பதற்குப் பதிலாக, பிடிபடாதே என்று கற்பிக்கிறார். இன்று சாலையில் தொடங்கும் அந்தப் பாடம் நாளை வியாபாரத்திலும் குடும்பத்திலும் தொடரும்.

ஓட்டுநர் உரிமம் பெறுகையில் சாலை விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஏற்றுக்கொள்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா சூராவின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. இன்னொன்றையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். தவறுதலாக ஓர் உயிர் போகக் காரணமானவருக்கு இழப்பீட்டுடன் பரிகாரமும் உண்டு என அந்நிஸா சூராவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அடிமையை விடுவிக்க இயலாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் நம்முடன் உடன்படிக்கையுள்ள பிற சமுதாயத்தவராயினும் சட்டம் இதுவே. இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்துவிடலாம். அறுபது நாள் நோன்பை யார் நோற்பார்?

இரண்டு வாதங்கள்

வேகப் பலகையே இல்லாத இடத்தில் ஒளிந்து நின்று பிடிக்கிறார்களே என்பது முதல் வாதம். அந்த மனக்குறையில் நியாயம் இருக்கக்கூடும். அதற்கு வழி, பலகை வைக்கக் கோரி மாநகராட்சியிடமும் காவல் துறையிடமும் ஜமாஅத் சார்பில் மனுக் கொடுப்பது. கவனம் பிசகி வேகம் கூடும்போது எச்சரிக்கும் அல்லவா என்பது இரண்டாவது வாதம். அதற்கு வண்டியிலேயே ஸ்பீடோமீட்டர் இருக்கிறது; அதற்குத் தனி விலையும் இல்லை.

பெற்றோர் கவனத்துக்கு

2023 தீபாவளியின்போது பைக்கில் பட்டாசு கட்டி வெடிக்கவிட்டுச் சாகசம் செய்த இளைஞர்களைத் திருச்சியில் காவல் துறையினர் கைது செய்தனர். அவர்களைக் காட்டிக்கொடுத்தது ஸ்பீடு கன் அன்று. அச்சாகசத்தைக் காட்டிச் சமூக ஊடகத்தில் பரவிய காணொளியே. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது.

எனவே அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்னது இதுதான்: அப்பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள்; தேய்ந்த டயரை மாற்றுங்கள்; பிரேக்கைச் சரிபாருங்கள். மீதியை மகன் கையால் ஸதகா கொடுக்கச் செய்யுங்கள். மறுக்கும்போது கோபத்துடன் மறுக்காமல் காரணத்தைச் சொல்லி மறுங்கள். உன் பைக்கைவிட நீ எங்களுக்கு முக்கியம் என்பதை அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளை வல்ல ரஹ்மான் ஒவ்வொரு பயணத்திலும் பாதுகாத்து, நலமுடன் வீடு திரும்பச் செய்வானாக! நம்மால் பிறருக்குத் தீங்கு நேராமலும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.