வண்டின் மீதா குற்றம்?

இயற்பியல் ஆசிரியனுக்கு வண்டோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு தொல்லையைக் கண்டால் முதலில் அதன் காரணத்தைத் தேட வேண்டும் என்பது எல்லா அறிவியலுக்கும் பொதுவான பாடம். கேரளத்தின் முப்ளி வண்டு அதை நன்றாகவே கற்பிக்கிறது.

கருநிறம்; சுமார் 8 மி.மீ. நீளம். லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஒன்றிரண்டாக வந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் கோடை மழை பெய்ததும், ரப்பர் தோட்டங்களை அடுத்த வீடுகளுக்கு இது விளக்கொளியை நாடிப் படையெடுக்கிறது. ஒரே வீட்டில் 5 இலட்சம் முதல் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் தங்குவதாகக் கோழிக்கோடு தேவகிரி புனித ஜோசப் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் எழுதினர். 40 இலட்சம் வண்டுகளை வரிசையாக நிறுத்தினால் 32 கிலோமீட்டர் நீளும், கணக்கிட்டுப் பாருங்கள்!

இது கடிப்பதில்லை. ஆனால் சீண்டினால் நாற்றமுள்ள ஒரு நீரைக் கசியவிடும். அது பட்ட இடத்தில் தோல் கொப்புளிக்கும். உணவிலும் படுக்கையிலும் வண்டு விழும்போது வீட்டார் படும் துன்பம் சிறிதன்று. அதனால்தான் பலர் பூச்சிக்கொல்லியைத் தேடுகிறார்கள். குழந்தைகள் உறங்கும் அறையில் நஞ்சைத் தெளிப்பது சரிதானா?

வண்டின் வாழ்க்கையைப் பார்ப்போம். வீட்டுக்கூரையின் இருண்ட இடுக்குகளில் சுமார் ஒன்பது மாதங்கள் அது உணவின்றி அசையாது கிடக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில் தோட்டத்துக்குத் திரும்புகிறது. சருகுகளினிடையே முட்டையிடுகிறது. முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, புதிய வண்டாகிறது. அடுத்த கோடை மழையில் அந்தப் புதிய தலைமுறை வீடு தேடி வருகிறது.

இவ்வளவு பெருக்கம் எப்படி வந்தது? ரப்பர் மரம் நம் நாட்டு மரமன்று, பிரேசில் நாட்டது. கேரளத்தில் தட்டேக்காட்டில் 1902இல் வணிகத் தோட்டம் தொடங்கியது. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரம், ஒரே காலத்தில் இலையுதிர்வு. போதாக்குறைக்குச் சாம்பல் நோய் தாக்கி, புதிதாகத் துளிர்த்த இளந்தளிர்களும் உதிர்கின்றன. இந்த வண்டு மிகவும் விரும்பி உண்பது அத்தளிர்களைத்தான். விருந்து வைத்தவர்கள் நாம். வந்த விருந்தாளியைப் பழிப்பது முறையா?

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். சாம்பல் நோயைத் தடுத்தால் தளிர் உதிர்வது குறையும்; வண்டின் உணவும் குறையும். மழை பெய்த மாலைகளில் வீட்டு விளக்குகளை அணைத்து வைத்தால் வரவு குறையும். வீட்டிலுள்ள வண்டுகளை மட்டும் கொன்றால், தோட்டத்துச் சருகு அடுத்த ஆண்டும் புதிய படையை வளர்த்து அனுப்பும்.

உங்கள் வீட்டு விளக்குக்கும் பூச்சிகள் வருமல்லவா? ஒரு குறிப்பேட்டில் தேதி, மழை, விளக்கின் நிறம், வந்த பூச்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஓராண்டு எழுதி வாருங்கள். எந்தப் பூச்சி எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று கேளுங்கள். மருந்துக்கடைக்கு ஓடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.