ஏறி வராத உல்லம்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஆறு சாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோர் கையும் சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கித்தான் நீளும். உப்பனாற்றில் கலந்த ஆலைக்கழிவை அறிந்த எவரும் அதைத் தவறென்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு துளி கழிவு கலக்காமலும் ஆற்று மீனை இல்லாமலாக்க முடியும். சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம் அதற்குச் சான்று.

வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீனை நாம் உல்லம் என்கிறோம். கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் வரும்போது முட்டையிட ஆற்றில் ஏறும் மீன் அது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும் கீழணையும் அதன் வழியை மறித்தன. இந்திய மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் டே, அணைகளில் மீன் ஏற வழிவிட வேண்டுமென்று 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே வாதாடினார். 1909இல் கீழணையில் உல்லத்தைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் முயற்சியும் நடந்தது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் புதுவெள்ளமே அடங்கிற்று. காவிரியின் உல்லமும் சரிந்தது. 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் கங்கையின் மேற்பகுதியில் நடந்ததும் இதுவே.

பாசனத்துக்காகத் தேக்கிய நீர் மின்சாரமும் தரும்போது, ஆற்றின் மீது இன்னொரு கணக்கு ஏறுகிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை, பவானி கட்டளையில் மூன்று என ஏழு கதவணைகள்; ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் நிலையம். ஓடிய ஆறு அங்கே அடுக்கடுக்கான குளங்களாகிவிட்டது.

இதற்கு மாற்றாக வழக்கமாகச் சொல்லப்படுவது குஞ்சு பொரிப்பகம். அதன் பலனையும் காவிரியே காட்டியிருக்கிறது. டாட்டாவின் நீர்மின் நிறுவனம் லோனாவ்லாவில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகள் 1970களிலிருந்து காவிரியில் விடப்பட்டன. நல்லெண்ணத்தில் செய்த காரியந்தான். வந்த மீன் பெருகிற்று. காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிற்று. அதன் அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான். அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. பெயர் உறுதிசெய்ய உதவிய மீன்கள் கிடைத்த மோயாற்றிலும் 1952 முதல் நீர்மின் நிலையம் இயங்குகிறது.

நிலக்கரியைவிட நீர்மின்சாரம் மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அணைகளை இடிக்கச் சொல்லவும் இல்லை. இயக்கும் முறையை மாற்றலாம் என்பதே என் கருத்து. மாலையில் மின்தேவை ஏறும்போது நீரைச் சட்டென்று திறந்து, பின் சட்டென்று அடைக்காமல், படிப்படியாகக் கூட்டிக் குறைக்கலாம். மீன் ஏறும் வெள்ள நாட்களில் கதவணையின் சில கதவுகளைத் திறந்துவைக்கலாம். சுழலிக்குள் போகாமல் கதவு வழியே போன நீரும் டெல்டாவுக்குத்தான் வந்து சேரும். உழவருக்கு நட்டமில்லை, அந்தச் சில நாள் மின்சாரம்தான் குறையும். அந்தக் குறையை சிப்காட் ஆலைகளும் நம் வீடுகளும் பகிர்ந்துகொள்வது பெரிய தியாகமல்ல.

உல்லத்துக்கு இது போதாது. கொள்ளிடம் கடலைத் தொட வேண்டும். அதற்கு நீர் ஏது என்று கேட்பவர்கள் 2007ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பைப் புரட்டலாம். 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குப் போக 4 என்று அதில் எழுதியிருக்கிறது. 2018இல் உச்சநீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. அதே ஆண்டில் மேல் கங்கையின் அணைகளுக்குப் பருவவாரியாகக் குறைந்தபட்ச ஓட்டத்தை நடுவண் அரசு நிர்ணயித்தது. அந்த அறிவிக்கை கங்கைக்கு மட்டுமானது. காவிரிக்கும் அப்படியொன்று வேண்டும்: அந்த 14 டிஎம்சி எந்த மாதத்தில், எந்த மதகு வழியே, எவ்வளவு என்று. ஒவ்வோர் ஆண்டும் காவிரி நீரின் பங்குக்காகக் குரல் கொடுக்கும் நாம், நம் ஆற்றுக்கே எழுதப்பட்ட பங்கையும் சேர்த்துக் கேட்பதுதான் நியாயம்.