கறிவேப்பிலையில் புழுவா? மருந்து அடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம்!

மொட்டை மாடியில் வைத்த கறிவேப்பிலைச் செடி நன்றாகத் துளிர்த்திருக்கிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பாதிக் கொத்தில் இலையே இல்லை. காம்பு மட்டும் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் பச்சைப் பசேல் என்று கொழுத்த புழு ஒன்று. "அய்யய்யோ, செடி போச்சு" என்று உடனே நர்சரிக்குப் போன் போகும். "ஒரு மருந்து இருக்கு, ஒரு மூடி கலந்து அடிங்க, சுத்தமா போயிடும்" என்று பதில் வரும். சொன்னபடியே போய்விடும். இரண்டு வாரம் கழித்து அதே வீட்டில் இன்னொரு புலம்பல் கேட்கும்: "முன்னெல்லாம் எவ்ளோ பட்டாம்பூச்சி வரும், இப்ப ஒண்ணையும் காணோமே!"

இரண்டும் ஒரே உயிரினம் என்பதுதான் இங்கே பலருக்கும் தெரியாத விஷயம்.

அந்தப் புழு யார்?

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வரும் அந்தப் பச்சைப் புழு பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் குழந்தைதான். பிறந்த சில நாள்களுக்குப் பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பறவையை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சைக்கு மாறும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து கவட்டை போல ஒன்றை நீட்டி, ஒரு நாற்றத்தைக் கிளப்பும். பயப்பட வேண்டாம், அது கடிக்காது, கொட்டாது.

முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாகப் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதில் இலையைத் தின்னும் காலம் பாதிதான். அதன்பின் அது கூட்டுப்புழுவாகிவிடும், கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும். சமையலுக்கு நாம் கிள்ளினாலும் துளிர்க்கிற செடிதானே அது?

பூ மட்டும் போதாதா?

"பூச்செடி நிறைய வெச்சிருக்கோமே, பட்டாம்பூச்சி தானா வரும்" என்று நினைப்போம். வரும். இட்லிப்பூவில் உட்காரும், தேன் குடிக்கும், போய்விடும். ஆனால் முட்டையிட அதற்கு வேறு செடி வேண்டும். எந்த இலையைத் தன் குஞ்சு தின்னுமோ அந்த இலையைத் தேடிப் பிடித்துத்தான் தாய்ப் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். கண்ட செடியிலும் வைக்காது.

வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். எருக்கம்பாலின் விஷத்தைப் புழு தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். மஞ்சளும் வெளிர்ப்பச்சையுமாகக் கூட்டமாகப் பறக்கும் பட்டாம்பூச்சிகளில் பலவற்றுக்குக் கொன்றையும் ஆவாரையும் வேண்டும். இந்த எருக்கையும் ஆவாரையையும் நாம் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, காசு கொடுத்து வெளிநாட்டுப் பூச்செடி வாங்குகிறோம்.

அந்தப் பூக்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அடுக்கடுக்காக இதழ் வைத்த செம்பருத்தி பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் மகரந்தம் தர வேண்டிய பகுதிகளே அங்கே இதழ்களாக மாறியிருக்கின்றன. வருகிற தேனீக்குக் கிடைப்பது குறைவு. ஐந்து இதழ் கொண்ட சாதாரணச் செம்பருத்தியும், பூக்க விட்ட துளசியும் அதைவிட நல்ல விருந்து வைக்கும்.

பட்டாம்பூச்சி வருகிறது என்பதற்காக எதையும் வளர்த்துவிடலாம் என்றும் அர்த்தமில்லை. உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்க்கும். அதே உண்ணிச்செடிதான் முதுமலை போன்ற காடுகளில் புதராகப் பரவி, யானையும் மானும் மேய வேண்டிய புல்லை அமுக்கிக்கொண்டிருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை வேறு இடத்தில் போடும். மாடித் தொட்டியோடு அது நிற்காது.

கள்ளி மோகம் சரியா?

இப்போது பால்கனிகளில் அதிகம் தென்படுவது கள்ளித் தொட்டிகள். தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு, இடமும் குறைவு, ஃபோட்டோவுக்கும் நன்றாக இருக்கும். தப்பே இல்லை. ஆனால் அது எங்கிருந்து வந்த விருந்தாளி என்று தெரிந்து வைப்பது நல்லது.

கேக்டஸ் குடும்பத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒரே ஒரு இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும்கூட இயற்கையாக வளர்கிறது. மற்றதெல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. அப்படியென்றால் சங்கப் பாடல்களில் வரும் கள்ளி? அது நம் சதுரக்கள்ளி போன்ற பால் வடியும் செடி. அதற்கும் கேக்டஸுக்கும் உறவே இல்லை. வறண்ட நிலத்தில் பிழைக்க இரண்டும் தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கிள்ளினால் வெள்ளைப் பால் வந்தால் அது நம்மூர்க் கள்ளியின் குடும்பம். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

வீட்டில் கேக்டஸே கிடையாது என்பவர்களும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். வருஷத்தில் சில ராத்திரிகள் மட்டும் மலர்ந்து, அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் கற்பூரம் காட்ட வைக்கும் 'பிரம்ம கமலம்' ஒரு கேக்டஸ்தான்! மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. இலை என்று நாம் நினைப்பது அதன் தட்டையான தண்டு. உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் பூப்பது, உத்தராகண்ட் மாநிலத்தின் மலர்.

சப்பாத்திக்கள்ளியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பதால் வெள்ளைக்காரர்களுக்கு அதன்மேல் ஆசை. 1795இல் பிரேசிலிலிருந்து அந்தச் சாயப்பூச்சி என்று நினைத்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சாயம் சரியாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. கட்டுமீறிப் பரவிய கள்ளியை ஒழிக்க 1860களில் அதையே தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். இன்னொரு வகைக் கள்ளிக்காக 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. அழகுக்கோ லாபத்துக்கோ கொண்டுவரும் செடி தொட்டிக்குள்ளேயே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கள்ளியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பூத்தால் தேனீ வரும். ஆனால் நம்மூர்ப் பட்டாம்பூச்சி அதில் முட்டை வைக்காது. பத்துத் தொட்டி இருந்தால் பத்தும் கள்ளியாக வேண்டாம் என்பதுதான் விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் அவற்றைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள், வேர் அழுகாது.

தேன்சிட்டுக்கும் புழு வேண்டும்

பால்கனி வயரிலோ கொடியிலோ குப்பை தொங்குவது போல ஒரு பை தெரிந்தால் உடனே இழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது தேன்சிட்டின் கூடாக இருக்கலாம். நாரும் சருகும் சேர்த்து, சிலந்தி வலையால் ஒட்டிக் கட்டியிருக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை. குஞ்சு பறந்து போக மொத்தம் ஒரு மாத காலம்.

பெயர் தேன்சிட்டு என்றாலும் குஞ்சுக்கு அது தேன் மட்டும் கொடுத்து வளர்ப்பதில்லை. சின்னப் பூச்சியும் சிலந்தியும்தான் குஞ்சுச் சாப்பாடு. பூச்சியே இல்லாத தோட்டத்தில் பூ இருக்கும், சிட்டு வந்து போகும், குடும்பம் நடத்தாது.

மருந்து எங்கே போகிறது?

கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் இலையின் மேலோடு நிற்பவை அல்ல. சாற்றோடு கலந்து இலை, மகரந்தம், தேன் எல்லாவற்றுக்கும் போகும். தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இது உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. மாடிக் கறிவேப்பிலையில் இதை அடித்துவிட்டு, அதே கொத்தை ரசத்தில் தாளிப்பது யாருக்கு நல்லது?

"அப்போ எல்லாப் பூச்சியையும் விட்டுடணுமா?" என்ற கேள்வி நியாயமானது. தேவையில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம், பழைய பிரஷ்ஷால் தேய்க்கலாம், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அந்தக் கிளையில் மட்டும் தெளிக்கலாம். தெளிக்கும் முன் ஒரு பார்வை முக்கியம். மாவுப்பூச்சியைத் தின்ன வரும் ஒரு வகைப் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக இருக்கும். சற்றுப் பெரிதாக, வேகமாக நடந்தால் அது உங்கள் ஆள்.

கொசு பயமும் நியாயம்தான். பறவைக்கு வைக்கும் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினால் கொசு வளர நேரம் கிடைக்காது. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் மறக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

பெரிய தோட்டம் வேண்டாம். இரண்டு கறிவேப்பிலைச் செடி வையுங்கள். ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் செடியில் புழு தெரிந்தால், இலையோடு கிள்ளி அடுத்த செடியில் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். பூக்க விட்ட ஒரு துளசி, ஒற்றை அடுக்குச் செம்பருத்தி, இடம் இருந்தால் ஓர் ஆவாரை. அபார்ட்மென்டில் மாதா மாதம் மருந்து அடிக்க ஆள் வந்தால், "எங்க தொட்டிகளுக்கு வேண்டாம்" என்று அசோசியேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஓர் இலைகூடக் கடிபடாத செடியைத்தான் நல்ல வளர்ப்பு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த முறை ஓட்டை விழுந்த கறிவேப்பிலையைப் பார்த்தால், மருந்துக் கடைக்குப் போன் போடும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். தொட்டுப் பார்த்து, அந்த நாற்றத்துக்கு முகம் சுளித்துச் சிரிக்கட்டும். மூன்று, நான்கு வாரத்தில் அது எப்படிப் பறக்கிறது என்பதையும் அவர்களே பார்த்துவிடுவார்கள்.