முதலில் ஏறி கடைசியில் இறங்குபவர்கள்

விமானந்தாங்கிக் கப்பல் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? சீறிப் பாயும் போர் விமானம்தான். சினிமாவில் காட்டுவதும் அதைத்தான், பேப்பரில் படம் போடுவதும் அதைத்தான். ஆனால் அந்தத் தளத்திலிருந்து விமானங்கள் பறக்கும் நாட்களில் முதலில் கிளம்புவதும் கடைசியில் இறங்குவதும் ஒரு சின்ன ஹெலிகாப்டர்!

காரணம் எளிது. நமது விக்ரமாதித்யா, விக்ராந்த் இரண்டிலும் மிக்-29கே விமானங்கள் மேல்நோக்கி வளைந்த முகப்பிலிருந்து எழும்புகின்றன. திரும்பும்போது தளத்தின் குறுக்கே உள்ள கம்பியில் கொக்கியை மாட்டி நிற்கின்றன. இதில் எது தவறினாலும் விமானி விழுவது கடலில். அவரைத் தூக்கத்தான் ஹெலிகாப்டர் கப்பலோடு ஒட்டியே பறந்துகொண்டிருக்கும். உள்ளே விமானிகளோடு கடலில் குதிக்கத் தயாராக ஒரு டைவர், ஆளை மேலே இழுக்க ஒரு வின்ச். கடைசி விமானம் தளத்தைத் தொட்ட பிறகுதான் இவர்கள் இறங்கலாம்.

இதுபோக மற்ற வேலைகளும் உண்டு. கப்பலுக்குக் கப்பல் உதிரி பாகங்களையும் நோயாளிகளையும் கொண்டு செல்ல வேண்டும். பெரிய ரக ஹெலிகாப்டர் என்றால் சோனார் கருவியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி நீர்மூழ்கியின் சத்தத்தைத் தேட வேண்டும். காமோவ்-31 என்றால் வயிற்றுக்குக் கீழே ரேடாரை விரித்துச் சுழற்றி, தூரத்தில் வரும் விமானங்களைக் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததுதான் இவர்களின் வெற்றி. ஆனால் ஒன்றும் நடக்காதவர்களைப் பற்றி யார் எழுதுவார்கள்? யார் காசு ஒதுக்குவார்கள்? என் ஆதங்கம் இதுதான்.

காவல் பறப்புக்கு நம்மிடம் நெடுங்காலமாக இருப்பது சேத்தக். அதன் பிரெஞ்சு மூல வடிவம் முதலில் பறந்தது 1959-ல். 1971 போரில் பழைய விக்ராந்தில் இருந்ததும் இதே ரகம்தான். மாற்றாக 111 ஹெலிகாப்டர்கள் வாங்க 2018-ல் அனுமதி கிடைத்தது. 2025-லும் அது ஒப்பந்தமாகவில்லை. அதே 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது! 2023 ஜூலையில்தான் அதற்கு முதல் அனுமதியே கிடைத்திருந்தது.

எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டனவே என்று நீங்கள் கேட்கலாம். 2020-ல் 24 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், 2024 மார்ச்சில் கொச்சியில் அதற்கென்று ஒரு அணியும் தொடங்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவற்றின் முதல் வேலை நீர்மூழ்கி வேட்டை. அன்றாடச் சில்லறை வேலைகளைச் செய்ய வேண்டிய சின்ன ஹெலிகாப்டர்தான் இன்னும் வரிசையில் நிற்கிறது.

ரஃபேல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் விமானம் வாங்குகிறோம். அதை ஓட்டுபவர் கடலில் விழுந்தால் தூக்க வருவது மட்டும் நம் தாத்தா காலத்து வடிவமாக இருக்கலாமா?

நம் கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுவது அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில். அந்த வழியாக ரயிலில் போகும்போது வானத்தில் ஒரு ஹெலிகாப்டர் தெரிந்தால் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். நாளை ஏதோ ஒரு கப்பலின் பக்கத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கப் போகிறவர் அதில் இருக்கலாம்.