ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியம்

கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் நேரம். ஆங்கிலத் துறைகளில் பிரிட்ஜ் கோர்ஸ் கையேடுகள் அச்சுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பெரும்பாலான கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் ஒரு சொற்பட்டியல் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதே பொருளுள்ள இன்னொரு சொல், சிலவற்றுக்குப் பெயரளவில் ஒரு வாக்கியம். மாணவர் தம் பாடநூலைப் படிப்பதற்கும் தேர்வில் எழுதுவதற்கும் நாம் தரும் முதல் கருவி இந்தப் பட்டியல்தான். அதை அவசர வேலையாக முடித்துவிடுகிறோம். வரையறை எழுதுவதும் எடுத்துக்காட்டு வாக்கியம் அமைப்பதும் ஆசிரியரின் தொழில்திறனில் அடங்கும். அதற்குரிய உழைப்பை இந்த ஆண்டாவது கொடுப்போம்.

எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டியதில்லை. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டு அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டை வெளியிட்டார். கலை, வணிகவியல், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களில் 28 பாடங்களின் நூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி, சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கார்ப்பஸை அலசினார். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தந்த ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்டின் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களை விலக்கியபின் 570 சொற்குடும்பங்கள் தேறின. கல்விசார் நூல்களில் ஏறத்தாழ பத்துச் சொல்லுக்கு ஒன்று இவற்றில் அடங்கும். கதைகளிலோ இவற்றின் பங்கு 1.4% தான். ஆகவே, "கதைப் புத்தகம் படி, சொல்வளம் தானாக வரும்" என்ற நம் வழக்கமான அறிவுரை இந்தச் சொற்களுக்குச் செல்லாது. இவற்றை எடுத்து உட்கார்ந்து கற்பித்தே ஆக வேண்டும்.

எப்படிக் கற்பிப்பது? வரையறையிலிருந்து தொடங்குவோம். தெரியாத சொல்லை இன்னொரு தெரியாத சொல்லால் விளக்கும் பழக்கத்தை உடைத்தவரும் மைக்கேல் வெஸ்ட்தான். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய அவர், வங்க மாணவர்கள் ஆங்கிலம் படிக்கப் பட்ட பாட்டை நேரில் கண்டவர். 1935-இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து வெளியிட்ட அகராதியில், சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கினார். 1978-இல் வந்த லாங்மன் மாணவர் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் அதே வழியில் நடந்தது. 1987-இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காமில் உருவான கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், வரையறையையே முழு வாக்கியமாக்கியது. அந்தச் சொல் எந்த அமைப்பில் வருமோ அதே அமைப்பில் விளக்கமும் வந்தது.

எளிய வரையறை இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதை ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் 1987-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் காட்டினார்கள். 'எரோட்' என்ற சொல்லுக்கு அகராதியில் 'ஈட் அவுட்' என்று பார்த்த குழந்தை, தங்கள் குடும்பம் அடிக்கடி 'எரோட்' செய்யும் என்று எழுதியது. வெளியே போய்ச் சாப்பிடுவதைத்தான் அது சொல்ல வந்தது. எடுத்துக்காட்டு வாக்கியத்தை மட்டும் பார்த்த குழந்தைகளும் வழுக்கினார்கள். அரசனின் தம்பி அரியணையை 'யுசர்ப்' செய்ய முயன்றான் என்று படித்தவர்கள், 'எடுத்துக்கொள்வது' என்று ஊகித்து, திருடன் பெட்டியிலிருந்து பணத்தை 'யுசர்ப்' செய்யப் பார்த்தான் என்று எழுதினார்கள். ஆக, வரையறை பொருளின் எல்லையைக் காட்ட வேண்டும்; வாக்கியம் அந்த எல்லைக்குள் சொல் நடமாடும் விதத்தைக் காட்ட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைத் தந்தால் மாணவர் மிச்சத்தை ஊகத்தால் நிரப்புவார்.

காக்ஸ்ஹெட் பட்டியலில் உள்ள 'அட்ரிபியூட்' என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஒன்றுக்கு இன்னொன்று காரணம் எனக் கருதுதல்' என்று பொருள் எழுதிக்கொண்ட மாணவர், 'காரணம்' என்பதைப் பிடித்துக்கொண்டு 'ஸ்மோக்கிங் அட்ரிபியூட்ஸ் கேன்சர்' என்று எழுதுவார். நாம் சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகர்வோம். அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. இந்த வினைக்கு எழுவாயாகக் கருத்துச் சொல்லும் ஆள் வர வேண்டும். விளைவு முதலிலும் காரணம் 'டு' என்ற பிரிபொசிஷனுக்குப் பின்னாலும் வர வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: 'காஸ்' என்று எழுதினால் அது உண்மை என்று எழுதுபவரே உறுதி கூறுகிறார், 'அட்ரிபியூட்' என்று எழுதினால், இன்னார் அப்படிக் கருதுகிறார்கள் என்று பொறுப்பை உரியவரிடம் வைக்கிறார். ஆய்வுமொழியின் நாணயமே இந்த வேறுபாட்டில் இருக்கிறது. 'ரிசர்ச்சர்ஸ் அட்ரிபியூட் தி டிசீஸ் டு ஸ்மோக்கிங்' என்ற வாக்கியமும், அதன் பாசிவ் வடிவமான 'தி டிசீஸ் இஸ் அட்ரிபியூட்டட் டு ஸ்மோக்கிங்' என்பதும் பக்கத்தில் இருந்திருந்தால் மாணவர் முதல் இரண்டு பிழைகளையும் செய்திருக்க மாட்டார். மூன்றாவதற்கு ஆசிரியர் ஒரு நிமிடம் பேச வேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலின் முதல் 60 சொற்களிலேயே பாலிசி, இஷ்யூ, ஏரியா ஆகியவை இருக்கின்றன. இவற்றைத் தெரிந்த சொற்கள் என்று மாணவரும் தாண்டுவார், நாமும் தாண்டுவோம். ஆனால் நம் பேச்சில் பாலிசி என்றால் எல்ஐசி, இஷ்யூ என்றால் தகராறு, ஏரியா என்றால் குடியிருக்கும் பகுதி. பாடநூலில் முதலாவது அரசின் கொள்கை, இரண்டாவது விவாதத்துக்குரிய பொருள், மூன்றாவது பரப்பளவு அல்லது ஆய்வுத்துறை. இப்படிப்பட்ட சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லித் தெளிவாக்குவதில் தயக்கமே தேவையில்லை. தாய்மொழியில் பொருள் தருவது சிக்கனமான, துல்லியமான வழி என்பதைச் சொற்கல்வி ஆய்வில் முன்னோடியான பால் நேஷனும் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்.

எனவே நம் கையேடுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருளும், எளிய ஆங்கிலத்தில் வரையறையும், மூன்று வாக்கியங்களும் இருக்கட்டும். முதல் வாக்கியம் பொருள் விளங்குவதற்கானது. அதை ஆசிரியரே எழுதலாம். புதிய சொல்லைப் புரிந்துகொள்ள, கார்ப்பஸிலிருந்து அப்படியே எடுத்த வாக்கியத்தைவிட அகராதியாளர் கற்பவருக்கென்று எழுதிய வாக்கியம் கூடுதலாக உதவியது என்று பட்டியா லாஃபர் 1992-இல் கண்டார். இரண்டாவது, மாணவரின் சொந்தப் பாடநூலில் வரும் வாக்கியம். வணிகவியல் மாணவருக்கு அவருடைய கணக்கியல் நூலிலிருந்தும், விலங்கியல் மாணவருக்கு அவருடைய பாடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். மூன்றாவது, சில இடங்களைக் காலியாக விட்ட வாக்கியச் சட்டகம். அதை நிரப்பி மாணவர் தம் விடைத்தாளில் பயன்படுத்துவார். அவர் எழுதியதை யாராவது படித்துத் திருத்தாவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

இதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். பகுதி 2 ஆங்கிலம் நான்கு பருவங்கள் நடக்கும் கல்லூரியில், பருவத்துக்கு 15 வாரம், வாரத்துக்கு 10 சொல் என்று வைத்தால் 600 சொற்களுக்கு இடம் கிடைக்கிறது. 570 குடும்பங்களும் அதற்குள் அடங்கும். இரண்டாவது வாக்கியத்தைத் தேடித்தர மட்டும் இயற்பியல், பொருளியல், வணிகவியல் துறைச் சக ஆசிரியர்களின் துணை வேண்டும். கையேடு அச்சுக்குப் போகும் முன் அவர்களோடு ஒரு மதியம் உட்கார்ந்து, முதல் 60 சொற்களையாவது இந்த முறையில் எழுதி முடியுங்கள். எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள். மற்றக் கல்லூரிகளும் எடுத்தாளும் வகையில் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.